கொம்புத் திருக்கையின் வாயிலிருந்து ஒரு சல்லடை

2025 ஜூன் தொடக்கத்தில் குமரிக் கடற்கரையில் ஒரு காலை முழுவதும் மணல் சலித்தோம். மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் 640 கண்டெய்னர்களோடு ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியிருந்தது. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணை திருவனந்தபுரத்துக் கரையில் ஒதுங்கி, அப்படியே எங்கள் பக்கமும் வந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் ஊறவைக்காத ஜவ்வரிசி மாதிரி இருக்கும். வெள்ளை, வழவழப்பு, ஒரு பக்கம் கொஞ்சம் சப்பை. 2 முதல் 5 மில்லிமீட்டர் வரை. வாளி, கவர், குடம் என்று நாம் வாங்குகிற பிளாஸ்டிக் சாமான் எல்லாம் தொழிற்சாலையில் இதை உருக்கித்தான் வார்க்கிறார்கள். 2021இல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் இந்தக் குருணை மட்டும் சுமார் 1680 டன் இருந்தது.

மூன்று பேர் சேர்ந்து வெயில் ஏறும்வரை சலித்தோம். பெயிண்ட் வாளியில் பாதி தேறியது. நிமிர்ந்து பார்த்தால், சலித்து முடித்த இடத்திலேயே அடுத்த அலை ஒரு வரிசை குருணையைக் கோலப்பொடி போல இழுத்துவிட்டுப் போயிருந்தது. மணலில் கலந்த பிறகு பொறுக்குவது கடைசி வேலை, தண்ணீரில் மிதக்கும்போதே பிடிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

எனக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. நாகர்கோவிலில் சின்னக் கடை. பம்ப், சுற்று, சீல் இதெல்லாம் கைக்குப் பழக்கம். அக்கா மகன் பொறியியல் படிக்கிறான். அவன் கல்லூரியில் த்ரீ-டி பிரிண்டர் இருக்கிறது. இரண்டு பேருமாக ஒரு மிதவை ட்ரோன் செய்வது என்று முடிவெடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை. ஏறக்குறைய எட்டு மாதம் ஆகிவிட்டது.

முதலில் செய்தது மீன். உலகம் முழுக்க அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள் போலிருக்கிறது. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் 2022இல் ஒரு போட்டி நடத்தி, வென்ற வடிவத்தை 'கில்பர்ட்' என்ற ரோபோ மீனாகச் செய்தது. வாலை ஆட்டிக்கொண்டு நீந்தும், செவுளில் இருக்கும் வலையில் பிளாஸ்டிக் துகள் தங்கும். அந்தப் படத்தைப் பார்த்ததும் அக்கா மகனுக்கு வேறெதுவும் ஓடவில்லை. "மாமா, காத்தாடி போட்டா தங்கூசி சுத்திக்கும். வாலுக்கு அந்தத் தொல்லை இல்லை" என்றான். அது நியாயம்தான். எங்கள் கரையில் அறுந்த தங்கூசி, அதாவது நைலான் மீன்பிடி இழை, கிடக்காத இடமே கிடையாது. விசைப்படகைத் தள்ளும் காத்தாடியையே அது நிறுத்திவிடும்.

110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய் அறுபது செ.மீ. நீளத்துக்கு, முன்னால் திறந்த வாய், பக்கவாட்டில் கொசுவலை வைத்த செவுள், பின்னால் சிலிக்கோன் வால். வாலை ஆட்ட ஒரு சர்வோ மோட்டார். குளத்தில் விட்டபோது உண்மையிலேயே அழகாக இருந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். வாயை அடைத்துவைத்து ஓட்டினால் 10 மீட்டரை 34 நொடியில் கடந்தது. வாயைத் திறந்துவிட்டதும் அதே 10 மீட்டருக்கு 80 நொடி.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். நீந்தும் விலங்குகளுக்கு ஸ்ட்ரூஹால் எண் என்று ஒன்று உண்டு. வால் நொடிக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்பதை வால்நுனி வீசும் அகலத்தால் பெருக்கி, நீந்தும் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது. நன்றாக நீந்துகிற மீன், டால்பின் எல்லாவற்றுக்கும் இது 0.2க்கும் 0.4க்கும் நடுவில் வரும். எங்கள் மீனின் வால் நொடிக்கு இரண்டு தடவை, பத்து செ.மீ. வீச்சு. வாயை மூடினால் 0.7, திறந்தால் 1.6. அதாவது வால் தண்ணீரைக் கலக்குகிறது, தள்ளவில்லை. வால் ஒரு பக்கம் போனால் தலை எதிர்ப்பக்கம் போகிறது. உண்மையான மீனுக்கு உடம்பு முழுக்கத் தசை. எங்களுக்கு ஒரே ஒரு சர்வோ. அதற்கு மேல் கொசுவலை நாலே நிமிடத்தில் பாசியால் அடைந்துபோனது. அடைந்த வலை பிரேக் போட்ட மாதிரி.

தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்று சொல்வார்களே, அதுதான் நடந்திருந்தது. எங்களுக்கு வேண்டியது நீந்துகிற விலங்கு இல்லை, அள்ளுகிற விலங்கு. கடலில் அள்ளுவதையே பிழைப்பாக வைத்திருப்பது யார் என்று யோசித்தபோது எனக்கு ஒரு பழைய காட்சி ஞாபகம் வந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு மீன்பிடித் துறையில் கொம்புத் திருக்கையின் செவுளை வெயிலில் காயவைத்திருந்தார்கள். கிழக்காசிய நாடுகளுக்கு மருந்துக்குப் போகும் சரக்கு என்றார்கள். கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஈர்க்குச்சியால் செய்த சீப்பு போல ஒரு நடுத்தண்டு, இரண்டு பக்கமும் நெருக்கமாகச் சின்னச் சின்ன மடல்கள். ஓட்டுக்கூரையில் ஓடு அடுக்கினது போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. விரலால் ஒரு பக்கம் தடவினால் வழுக்கியது, எதிர்ப்பக்கம் தடவினால் பிடித்தது. இதே குடும்பத்துப் பெரிய ஆனைத்திருக்கையும் இப்படித்தான் சாப்பிடுகிறது. அவ்வளவு பெரிய உடம்பு வளர்வது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மிதவை உயிர்களைத் தின்று.

அக்கா மகன் தேடி எடுத்த ஆய்வில் ஒரு விஷயம் எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்தது. 2018இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் இருக்கும் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து கண்டுபிடித்தது: திருக்கையின் செவுள் சல்லடை இல்லை. சல்லடையில் துளையைவிடப் பெரியது தங்கும், சிறியது விழும், கொஞ்ச நேரத்தில் துளை அடைபடும். திருக்கையின் வாயில் தண்ணீர் மடல்களுக்குக் குறுக்காக வேகமாக ஓடுகிறது. இரண்டு மடலுக்கு நடுவே ஒரு குட்டிச் சுழல் உண்டாகிறது. தண்ணீர் மட்டும் திரும்பி இடுக்குக்குள் இறங்கிவிடும். துகள் மடலில் மோதித் தெறித்து மறுபடி ஓட்டத்துக்கே போய்விடும். இடுக்கைவிடச் சிறிய துகள்கூட இப்படித் தெறிக்கும். தெறித்துக்கொண்டே இருப்பதால் அடைப்பதில்லை. கடைசியில் தொண்டைக்குப் போவது தண்ணீர் குறைந்த கெட்டிக் கூழ்.

சரி, மீனைக் கலைத்துவிட்டோம்.

இரண்டாவது உருவத்தில் நீந்துகிற வேலையை எளிமையாக்கிவிட்டோம். நாலு அங்குலக் குழாய் இரண்டு, தொண்ணூறு செ.மீ. நீளம், இரண்டு முனையும் மூடி ஒட்டியது. கட்டுமரம் மாதிரி அதற்கு மேல் ஒரு தட்டு. யு.பி.எஸ். பெட்டியில் வரும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி. படகுக்குள் ஏறும் தண்ணீரை இறைக்கிற சின்ன பம்ப் ஒன்று. குழாய்களுக்கு நடுவே தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வாய், வாய்க்குள் மடல் வரிசை, அதற்கு அடியில் பம்ப். பம்ப் இழுப்பதால்தான் தண்ணீர் வாய்க்குள் வருகிறது. மடல் வழியாக இறங்கிய சுத்தத் தண்ணீரை பம்ப் பின்னால் ஒரு ஒடுங்கிய குழாய் வழியே பீய்ச்சும். அந்தப் பீய்ச்சல்தான் தள்ளுவிசை. கணவாய் இப்படித்தான் போகிறது. காத்தாடி வெளியில் இல்லாததால் தங்கூசிக்குச் சுற்ற இடமில்லை. பீய்ச்சுகிற குழாயை ஒரு சர்வோ இடம் வலம் திருப்பும். வேகம் என்று பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை, கரையில் நடக்கிறவரைவிடப் பாதிக்கும் குறைவு. குப்பை ஓடிப்போகாது என்பதால் அது போதும்.

மடல்களைப் பெட்-ஜி பிளாஸ்டிக்கில் அச்சிட்டான். ஒவ்வொன்றும் இரண்டு செ.மீ. நீளம், இடுக்கு 2 மில்லிமீட்டர். கடைசியில் கெட்டித் தண்ணீர் போய்ச்சேர ஒரு துணிப்பை. அதற்கு 'மடி' என்று பெயர் வைத்தேன். கரைமடி இழுக்கிறவர்கள் வலையின் கடைசிப் பையை அப்படித்தான் சொல்வார்கள்.

கடைக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டியில் முதல் சோதனை. அன்று பொறுக்கிய குருணையில் ஒரு கைப்பிடி, கூடவே பழைய குடத்தைச் சுரண்டி எடுத்த ஒன்றரை மில்லிமீட்டர் துருவல் 200. குருணை மடிக்கு வந்தது, அது இடுக்கைவிடப் பெரிது. துருவலில் பாதிக்கு மேல் மடல் வழியே நழுவி பம்புக்குள் போய்விட்டது. தெறிக்கவே இல்லை. வெறும் சல்லடையாகத்தான் வேலை செய்தது. மடலின் சாய்வை மாற்றினோம், இடுக்கை மாற்றினோம், நாலு ஞாயிற்றுக்கிழமை போனது. ஒன்றும் அசையவில்லை.

அப்புறம்தான் பம்பை அளக்க வேண்டும் என்று தோன்றியது. தினமும் கடையில் செய்கிற வேலை, இதில் மட்டும் செய்யாமல் விட்டிருந்தேன். பெட்டியில் மணிக்கு 4000 லிட்டர் என்று போட்டிருந்தது. 20 லிட்டர் வாளியை வைத்துப் பிடித்தால் நிறைய 24 நொடி ஆனது. மணிக்கு 3000 லிட்டர். வாய்க்குள் மடல்களின் மேல் தண்ணீர் ஓடும் வாய்க்கால் இருபது செ.மீ. அகலம், எட்டு செ.மீ. உயரம். கணக்குப்படி உள்ளே தண்ணீர் ஓடும் வேகம் நொடிக்கு ஐந்தே செ.மீ. வாய்க்கால் ஓட்டமில்லை அது, ஊறல்.

2024இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இதே திருக்கை மடலை அச்சிட்டுப் பார்த்ததை அக்கா மகன் எனக்குப் படித்துக் காட்டினான். ஓட்டம் மெதுவாக இருந்தால் சுழல் உண்டாகாது, துகள் தண்ணீரோடு சேர்ந்து இறங்கிவிடும். ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சுழல் பிறந்து இடுக்கை மறைக்கும். எங்களுக்குக் குறை மடலில் இல்லை, வேகத்தில்.

பம்பைப் பெரிதாக்கினால் பேட்டரி தாங்காது. வாய்க்காலைக் குறுக்கினோம். பன்னிரண்டு செ.மீ. அகலம், நாலு செ.மீ. உயரம். நுழைவில் வேகம் நொடிக்குப் பதினேழு செ.மீ. ஆனது. ஓடும் வழியில் தண்ணீர் மடல்களில் இறங்கிக்கொண்டே இருப்பதால் கடைசிக்குப் போகும்போது ஓட்டம் தளர்ந்துவிடும். அதற்காக மேல் தகட்டைச் சாய்வாக வைத்து, போகப்போக வாய்க்கால் ஒடுங்கும்படி செய்தோம். பக்கவாட்டுக்கு ஒளிபுகும் அக்ரிலிக் தகடு.

அன்றைக்குப் பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஊசிக்குழலில் எடுத்து வாய்க்கால் முகப்பில் மெல்ல விட்டேன். முதலில் பம்பைப் பாதி வோல்டேஜில் ஓட்டினோம். நீலம் நூல் மாதிரி வந்து, முதல் மடலைத் தாண்டி, இரண்டாவது இடுக்கில் நேராக இறங்கிப் போய்விட்டது. மெல்ல வோல்டேஜைக் கூட்டினோம். ஒன்பதைத் தாண்டியதும் நூல் இறங்குகிற இடத்தில் தயங்கியது. பன்னிரண்டில், ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு நீலச் சுருள் நின்று சுற்றியது. முறுக்குப் பிழிந்த மாதிரி பதினெட்டு சுருள், வரிசையாக. அக்கா மகன் துருவலைக் கொட்டினான். ஒரு துருவல் சுருளைத் தொட்டுவிட்டுத் துள்ளி அடுத்த மடலுக்குப் போனது, அங்கிருந்து அடுத்ததற்கு. இரண்டு பேரும் பேசவே இல்லை. எண்ணிப் பார்த்தால் 200இல் 148 மடியில் இருந்தன. இடுக்கைவிடச் சிறிய துருவல் இவை.

அடுத்து உப்புத் தண்ணீர். அதில் ஒரு அடி வாங்கினோம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதே தப்பைப் பலரும் செய்வார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் வயர் நுழைகிற ஓட்டையைப் பசை விட்டு அடைத்திருந்தேன். வெளிப்பக்கம் சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஆனாலும் இரண்டாவது வாரம் பெட்டிக்குள் ஈரம், போர்டின் முனைகளில் பச்சைக் களிம்பு. பல இழை வயரின் தோலுக்குள்ளேயே, செம்பு இழைகளுக்கு நடுவே, விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது போல உப்புத் தண்ணீர் ஏறி வந்திருக்கிறது. வெளியே எவ்வளவு பசை போட்டாலும் இது நிற்காது. வயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு செ.மீ. அளவுக்குத் தோலை உரித்து, இழைகளை ஈயம் பாய்ச்சி ஒரே கம்பியாக்கி, அந்த இடத்தைச் சேர்த்து அரால்டைட்டில் மூழ்கவைத்தேன். அதற்குப் பிறகு பெட்டிக்குள் துளி ஈரமில்லை. ரிமோட்டின் ஆன்டெனாவை ஒரு குச்சியில் முழ உயரத்துக்கு ஏற்றியாயிற்று, உப்புத் தண்ணீருக்குள் ரேடியோ அலைகள் போகாது. வாய்க்கு முன்னால் இரண்டரை செ.மீ. இடைவெளியில் எவர்சில்வர் கம்பிகள், கவரும் சாஷே பாக்கெட்டும் அதில் தட்டி நிற்கும். கூடவே ஒரு கயிறு, முப்பது மீட்டர், எப்போதும் கட்டியே இருக்கும். கடலில் தொலைந்தால் இதுவும் ஒரு குப்பைதான்.

பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் காயலுக்கு எடுத்துப்போனோம். பொழி, அதாவது காயல் கடலோடு சேரும் வாய், திறந்திருக்கும்போது ஏற்றத்தில் கடல் தண்ணீர் உள்ளே வரும், மிதப்பதையும் கொண்டுவரும். காற்று அதை அலையாத்திச் செடிகளின் பக்கம் ஒரு மூலையில் ஒதுக்கிவிடும். வள்ளம் வைத்திருக்கும் ஓர் அண்ணன் எங்களை ஏற்றிக்கொண்டார். எங்கே விடலாம் என்று நாங்கள் யோசிப்பதற்குள், "நீவாடு இப்போ இப்பிடித்தான் வரும், அந்த முக்குல விடு" என்று கைகாட்டினார். ஓட்டம் எந்த நேரம் எந்தப் பக்கம் என்பது அவருக்கு மனப்பாடம். நாங்கள் எழுதிக்கொண்டு போன பாதையை அப்படியே மடித்து வைத்துவிட்டோம்.

இருபது நிமிடம் ஓட்டினோம். மடியைக் கழற்றி வெள்ளைத் தட்டில் கவிழ்த்தோம். பதினோரு குருணை. தெர்மகோல் மணிகள், எண்ண முடியாத அளவு. சாஷே கிழிசல், நீலத் தார்ப்பாய் நார், தங்கூசித் துணுக்கு இரண்டு. தங்கூசி நைலான், கடல் நீரைவிடக் கனம், அடிக்குப் போய்விடும். ஏதோ பாசியோடு ஒட்டி வந்திருக்க வேண்டும். மடல்களில் பாசி இழை நாலைந்து குறுக்கே கிடந்தன, ஆனால் அடைக்கவில்லை. எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது.

தட்டில் தண்ணீர் தெளிந்ததும் அண்ணன் குனிந்து பார்த்தார். வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் வைக்கிற மாதிரி ஒரு லென்ஸ் என் பையில் எப்போதும் இருக்கும். வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். தட்டின் அடியில் கண்ணாடித் துண்டுகள் போல நிறைய அசைந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கறுப்புப் புள்ளிக் கண். இறால் குஞ்சு. தலையில் முள் வைத்தது போல ஒன்று துள்ளியது, நண்டின் இளம்பருவம். நடுவே உருண்டையாக, ஒளி ஊடுருவும் சில முட்டைகள்.

"தம்பி, குஞ்ச வாரிட்டா நாளைக்கு வலையில என்னத்த பாக்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

எனக்கு அந்த நிமிடம் வரை இது தோன்றவே இல்லை. திருக்கையின் வாயைக் காப்பி அடித்தோம், அந்த வாய் தின்பதே இவற்றைத்தான். நமக்குப் பிளாஸ்டிக் வேண்டும் என்று மடலுக்குத் தெரியாது. துருவலும் ஒன்றரை மில்லிமீட்டர், நண்டுக் குஞ்சும் ஒன்றரை மில்லிமீட்டர். சல்லடை நன்றாக வேலை செய்யச் செய்ய இந்தத் தப்பும் பெரிதாகும். தட்டைத் தண்ணீரில் சாய்த்து, குருணையை விரலால் ஒதுக்கிக்கொண்டு, மற்றவற்றைத் திரும்ப விட்டோம். அதில் எத்தனை பிழைத்திருக்கும்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இரண்டு பேரும் அதைப் பற்றியே பேசினோம்.

அதன்பிறகு மாற்றியவை. இடுக்கை 2 மில்லிமீட்டரிலிருந்து மூன்றாக்கினோம். சின்னத் துருவல் நிறையத் தப்பிவிடும், குஞ்சும் தப்பிவிடும். குருணைக்கு இது போதும், அதிலும் ரொம்பப் பொடிசு கொஞ்சம் போகும். இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை, மிதவை உயிர்கள் ராத்திரியில்தான் அடியிலிருந்து மேலே ஏறி வரும். திறந்த தண்ணீரில் ஓட்டுவதில்லை, காற்று குப்பையை ஒதுக்கியிருக்கும் மூலையில் மட்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மடியைத் தட்டில் கவிழ்த்து லென்ஸில் பார்ப்பது, உயிர் அதிகம் என்றால் அன்றைக்கு அவ்வளவுதான்.

மடியையும் துணிப்பையிலிருந்து ஒரு பெட்டியாக மாற்றினோம். குருணை பெரும்பாலும் பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன், தண்ணீரைவிட லேசு. கடல் நீரின் அடர்த்தி 1.025, இவற்றுக்கு 0.90 முதல் 0.97. ஓட்டம் இல்லாத ஒரு பெட்டிக்குள் கெட்டித் தண்ணீரை மெல்ல விட்டால் பிளாஸ்டிக் மேலே ஏறி நின்றுவிடும், இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் அடியில் இருக்கும் வாசல் வழியாக வெளியேறலாம். தொட்டியில் குருணையை வைத்துப் பார்த்ததில் நன்றாகவே பிரிகிறது. மிதக்கும் மீன் முட்டைக்கு மட்டும் இது உதவாது, சாளை முட்டையும் குருணை மாதிரியே மேலேதான் நிற்கும். அதனால் முட்டை தென்பட்டால் மடியை அப்படியே திறந்துவிட்டுவிடுகிறோம், உள்ளே இருக்கும் குருணையோடு சேர்த்து.

போன ஞாயிறு அந்தப் பெட்டியோடு முதல் தடவை காயலுக்குப் போனோம். நாலு சுற்று, ஒவ்வொன்றும் பத்து நிமிடம். மூன்றில் தட்டில் உயிர் அவ்வளவாக இல்லை. நாலாவதில் முட்டை இருந்தது, திறந்துவிட்டோம். முப்பத்தேழு குருணை தேறியது. அண்ணன் தன் பீடிப் பெட்டியைக் காலி செய்து அதில் போட்டுக்கொடுத்தார். "கொண்டல் அடங்கட்டு, அப்போ நம்ம தொறைக்கே கொண்டு வா" என்றார். கொண்டல் என்றால் கிழக்குக் காற்று. அதற்குள் பெட்டியின் அடிவாசலை இன்னும் அகலமாக அச்சிட வேண்டும்.